மலைக்கு வந்தால் கவனம் வருமா?

கொடைக்கானலில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. கீழே இருக்கிற சிநேகிதர்கள் எல்லோரும் நம்மை ஒரு ரூம் ஏஜென்ட்டாகவே நினைத்துக்கொள்வார்கள். ஊர் சுற்ற வருகிறவர்கள் என்றால் ஏரியையும் தூண் பாறையையும் காட்டி அனுப்பிவிடலாம். என்னைக் கூப்பிடுகிறவர்கள் வேறு ரகம். நான் பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துப் பிழைப்பவள். அதனால் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் எதையாவது தொடங்கி முடிக்காமல் வைத்திருப்பவர்கள். ஒருவருக்கு முனைவர் பட்ட ஆய்வேடு, ஒருவருக்கு நாவல், இன்னொருவருக்கு குரூப் ஒன் தேர்வு. "அக்கா, ஒரு மாசத்துக்கு ஒரு ரூம் பாத்துக் குடுங்க. சத்தமே இருக்கக் கூடாது. அங்க வந்துட்டா முடிச்சிருவேன்."

வருவார்கள். இப்போது இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும், அதையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். முதல் நாள் பனி மூட்டத்தைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவார்கள். இரண்டாம் நாள் அந்த ஸ்டேட்டஸுக்கு வந்த பதில்களுக்குப் பதில். மூன்றாம் நாள் வட்டக்கானலில் ஒரு ஓட்டல், அங்கே நல்ல காபி, பக்கத்து மேஜையில் பெங்களூரிலிருந்து வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கும் இன்னொரு ஆள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், "இங்க ரொம்ப அமைதியா இருக்குக்கா, அந்த அமைதியே என்னமோ பண்ணுது" என்பார்கள். அத்தியாயம் அப்படியே இருக்கும்.

இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. அமைதியான இடத்துக்குப் போனால் கவனம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை நம்மிடம் வெகுநாளாக இருக்கிறது. முனிவர்களையெல்லாம் மலையில்தானே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறோம்? ஆனால் இந்த மலையிலேயே, நூற்றிருபது வருடத்துக்கு மேலாக, ஒரே விஷயத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காத ஒரு இடம் இருக்கிறது. அங்கே வேலை எப்படி நடந்தது என்று படிக்கப் படிக்க, அமைதிக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்சர்வேட்டரியைத்தான் சொல்கிறேன். ஏரிக்கு மேலே, சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் சூரிய ஆய்வகம். இந்த ஊர்க்காரர்களில் பலருக்கு அது ஒரு பஸ் நிறுத்தம். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள், அதோடு சரி.

அது இங்கே வந்த கதையின் வேர் பஞ்சத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்தார்கள். அதே சமயத்தில், சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன, அதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். நார்மன் லாக்யரும் வில்லியம் ஹண்டரும் 1877ல் சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் இணைத்து ஒரு கட்டுரையே எழுதினார்கள். புள்ளியை எண்ணி மழையைக் கணிக்க முடியுமென்றால் எந்த அரசாங்கம்தான் வேண்டாம் என்று சொல்லும்? சென்னை நுங்கம்பாக்கத்தில் ஏற்கெனவே ஒரு வானியல் ஆய்வகம் இருந்தது. ஆனால் சூரியனைப் பார்க்க மலை வேண்டும், தெளிந்த காற்று வேண்டும். சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த சார்லஸ் மிச்சி ஸ்மித் இடம் தேடி அலைந்து கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895ல் அடிக்கல். 1899ல் ஆய்வகம் அதிகாரபூர்வமாக இங்கே மாறியது. மோட்டார் சாலை இல்லாத காலம். கண்ணாடியும் பித்தளையுமாக இருந்த அத்தனை கருவிகளும் கூலியாட்களின் தோளில் ஏறி வந்தவை.

மழையைக் கணிக்கும் கனவு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. புள்ளிகளைப் பார்த்து அடுத்த வருட மழையை நம்பிச் சொல்லும் வழி எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் சூரியனைப் படம் பிடித்தார்கள். 1904லிருந்து, வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும். தொலைநோக்கி ஒன்றின் வழியாகச் சூரியனை சுமார் 20 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒளிப்படத் தட்டில் விழவைத்து ஒரு படம். மறுநாள் இன்னொன்று. கால்சியம் ஒளியில் எடுக்கும் படங்கள் 1907லிருந்தும், ஹைட்ரஜன் ஒளியில் எடுப்பவை 1912லிருந்தும் சேர்ந்துகொண்டன. இரண்டு உலகப் போர், விடுதலை, எத்தனையோ இயக்குநர்கள். படம் எடுப்பது மட்டும் நிற்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்த சொற்றொடர் 'வானம் தெளிந்த ஒவ்வொரு நாளும்' என்பது. எல்லா நாளும் அல்ல என்பதைக் கவனியுங்கள். கொடைக்கானலில் இருந்துகொண்டு எல்லா நாளும் சூரியனைப் படம் பிடிப்பேன் என்று சபதம் போடுகிறவன் முதல் ஐப்பசியிலேயே வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவான். அவர்கள் மேகத்தை ஒரு கணக்காக எழுதினார்கள். இந்த வருடம் எத்தனை நாள் படம் எடுக்க முடிந்தது, காட்சி எவ்வளவு தெளிவாக இருந்தது என்று ஆண்டறிக்கைகளில் பதிவு உண்டு. விட்டுப்போன நாளுக்காகப் புலம்பல் கிடையாது. மறுநாள் காலை வானத்தைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த 'காலை'தான் விஷயம். இங்கே வந்து தங்கியவர்களுக்குத் தெரியும், விடிந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். வெயில் ஏறி மண் சூடானதும் காற்று கொதிக்கத் தொடங்கும். தொலைநோக்கியில் சூரியனின் விளிம்பே நடுங்கும். பத்துப் பதினோரு மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறிவிடும். ஆகவே நுணுக்கமான வேலை எல்லாம் அதிகாலையில். கருவியைத் துடைப்பது, தட்டைக் கழுவி எடுப்பது, அளப்பது, கணக்குப் போடுவது, கடிதம் எழுதுவது எல்லாம் பிற்பாடு. மஞ்சைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அது வருகிற நேரம் தெரியும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறார்கள்.

1907 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற ஆங்கிலேயர் உதவி இயக்குநராக வந்து சேர்ந்தார். பல்கலைக்கழக ஆள் இல்லை. இங்கிலாந்தில் ஒரு ரசாயன நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே சொந்த ஆசையில் சூரியனைப் படித்தவர். முழுச் சூரிய கிரகணம் எங்கே நடந்தாலும் ஓடிப்போனவர். 1896ல் நார்வேக்குப் போனார், மேகம். 1905ல் ஸ்பெயினுக்குப் போனார், அங்கேயும் மேகம். இடையில் 1898ல் இந்தியாவுக்கு வந்தபோது வானம் கருணை காட்டியது. கிரகணம் என்பது சில நிமிடக் காட்சி. அதற்காகக் கப்பலில் மாதக்கணக்கில் பயணம் போகிற மனிதர், கடைசியில் தினமும் சூரியன் வருகிற ஒரு மலையில் வந்து குடியேறினார்.

கூடவே மனைவி மேரி எவர்ஷெட். அவரும் வானியல் அறிந்தவர்; தெற்கு வானத்து நட்சத்திரங்களுக்கு வழிகாட்டி நூல் எழுதியவர். தாந்தேயின் காவியத்தில் வரும் வானியலைப் பற்றி அவர் எழுதிய பெரிய புத்தகம் 1914ல் வெளிவந்தது. அவர் கொடைக்கானல்வாசியாக இருந்த காலம் அது. இத்தாலியக் கவிஞனைப் பற்றிய புத்தகத்தின் மெய்ப்புத் தாள்களை, பெரிய நூலகம் எதுவும் எட்டாத இந்த மலையில் உட்கார்ந்து ஒருத்தி திருத்தியிருப்பாள் என்று நினைத்துப் பார்ப்பதில் என் தொழிலில் இருப்பவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம். அந்தக் காலத்தில் கப்பல் தபாலில் தாள் வந்து போக எத்தனை வாரம் ஆகியிருக்கும்! இப்போது பி.டி.எஃப் அனுப்பிய பத்தாவது நிமிடம் "பாத்துட்டீங்களா மேடம்?" என்று வாட்ஸ்அப் வருகிறது.

எவர்ஷெட் வந்து செய்த முதல் காரியம், சரியாக ஓடாமல் கிடந்த ஒரு கருவியை ஓட வைத்தது. பிறகு, கையில் கிடைத்த பாகங்களைச் சேர்த்து, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி ஒன்றைத் தானே கட்டினார். 1908ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் சூரியப் புள்ளிகளில் காந்தப் புலம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். புள்ளி என்பது ஒரு பெரிய சுழல், புயல் மாதிரி சுழல்கிறது என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. எவர்ஷெட்டின் கேள்வி ஒன்றே ஒன்று: சுழல்கிறது என்றால் அந்தச் சுழற்சி நிறமாலைக் கோடுகளில் தெரிய வேண்டுமே, தெரிகிறதா?

1909 ஜனவரி 5. அதற்கு முன் இடியுடன் நல்ல மழை கொட்டி ஓய்ந்திருந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. சூரியனில் இரண்டு பெரிய புள்ளிகள். எவர்ஷெட் அவற்றின் நிறமாலையைப் படம் எடுத்தார். கோடுகள் விசித்திரமாகத் திருகியிருந்தன. ஆனால் சுழற்சி இருந்தால் எப்படித் திருகுமோ அப்படி இல்லை. அளந்து பார்த்தால், புள்ளியின் மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் வாயு வெளிநோக்கி ஓடுகிறது, நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவில். அவர் தேடியது சுழல், கிடைத்தது ஓட்டம். இன்றைக்கு உலகம் முழுக்கச் சூரிய இயற்பியல் பாடப் புத்தகங்களில் எவர்ஷெட் விளைவு என்று இருப்பது இதுதான். அதன் நூற்றாண்டை ஒட்டி 2008ல் இந்திய அஞ்சல் துறை ஒரு தபால்தலைகூட வெளியிட்டது.

தெளிவான வானம் அதிர்ஷ்டம்தானே என்று கேட்கலாம். அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த நாள் வந்தபோது கருவி கட்டி முடிந்து தயாராக நின்றது, தட்டு இருந்தது, கேள்வி இருந்தது. அந்தக் காலையில் எழுந்து "இன்னைக்கு என்ன பண்ணலாம்?" என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நம்மில் பலருக்குத் தெளிந்த வானம் கிடைக்கும்போது அந்த யோசனையிலேயே பத்து மணி ஆகிவிடுகிறது, மஞ்சு ஏறிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு, யாரும் அதிகம் பேசாதது. 1911 வரை இயக்குநர் பொறுப்பு மிச்சி ஸ்மித்திடம் இருந்தது. அரசாங்கத்துக்குக் கடிதம், செலவுக் கணக்கு, கட்டட மராமத்து என்று ஒரு ஆய்வகத் தலைவர் மேல் விழும் பாரம் எவர்ஷெட் மேல் அவ்வளவாக விழுந்திருக்காது என்பது என் ஊகம். தட்டுகளைக் கழுவவும் அளக்கவும் இந்திய உதவியாளர்கள் இருந்தார்கள். ஒருவர் கவனமாக இருக்க வேண்டுமென்றால் பின்னால் இன்னும் சிலர் தொல்லைகளை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். வெற்றிக் கதைகளில் இந்தப் பின்வரிசை ஆட்கள் எப்போதும் படத்துக்கு வெளியேதான்.

அதே எவர்ஷெட் 1922ல் ஆஸ்திரேலியாவின் வாலல் கடற்கரைக்குக் கிரகணம் பார்க்கப் போனார். நட்சத்திர ஒளி சூரியனருகே வளைகிறதா என்று ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதிக்கும் பயணம். உலகமே பார்த்துக்கொண்டிருந்த காரியம். கருவிக் கோளாறில் அவருடைய முயற்சி வீணானது. பக்கத்திலேயே முகாமிட்டிருந்த அமெரிக்க லிக் ஆய்வகத்துக் குழு நல்ல முடிவோடு திரும்பியது. எனக்கு இதில் எவர்ஷெட் மேல் பிரியம் கூடத்தான் செய்கிறது. பெரிய திருவிழாவுக்குப் போனபோது பெரும்பாலும் கை நழுவியது. தினப்படி வேலையில் இருந்தபோது மாட்டியது.

இதுவும் புதிதில்லை. அந்தச் சூரியப் புள்ளிகளின் ஏற்ற இறக்கத்தை முதலில் கண்டுபிடித்தவரே ஜெர்மனியில் மருந்துக்கடை வைத்திருந்த ஹைன்ரிஷ் ஷ்வாபே. அவர் தேடியது புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு கிரகம். அது சூரியனைக் கடக்கும்போது கறுப்பாகத் தெரியுமே, கரும்புள்ளியோடு குழம்பிவிடக் கூடாதே என்பதற்காக 1826லிருந்து வெயில் அடித்த நாளெல்லாம் புள்ளிகளைக் குறித்து வைத்தார். பதினேழு வருடம். கிரகம் கிடைக்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டினால் சுழற்சி இருந்தது.

சரி, மெய்ப்புக்கு வருகிறேன். பிழை பார்ப்பது ஒருவகையில் காவல் காக்கும் வேலை. இருபது பக்கம் சரியாக இருக்கும். இருபத்தோராம் பக்கத்தில் 'பள்ளி' இருக்க வேண்டிய இடத்தில் 'பல்லி' ஓடும். அந்த ஒரு பல்லியைப் பிடிக்கத்தான் சம்பளம். நீண்ட நேரம் ஒன்றும் நடக்காத இடத்தில் ஒன்று நடக்கும்போது பிடிக்க மனித மனம் எவ்வளவு லாயக்கு என்று 1940களில் நார்மன் மேக்வொர்த் என்ற ஆய்வாளர் பிரிட்டிஷ் விமானப் படைக்காகச் சோதித்தார். கடலில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடி ரேடார் திரையை வெறித்துக்கொண்டிருந்த வீரர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்பது கேள்வி. கடிகாரம் மாதிரி ஒரு வட்டம், அதில் ஒரு முள் துள்ளித் துள்ளி நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் துள்ளல். அதைப் பார்த்தால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம். முதல் அரை மணி நேரம் நன்றாகப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு கோட்டை விடுவது தெளிவாகக் கூடியது. சோம்பேறிகள் இல்லை, பயிற்சி பெற்ற ஆட்கள்.

இதை 1948ல் வெளியிட்டார். அரை மணி பார்த்து அரை மணி ஓய்ந்தால் இந்தச் சரிவு இல்லை என்பதும் அதில் இருக்கிறது. இன்னொரு வேடிக்கையும் உண்டு: பாதியில் போன் செய்து "இன்னும் நன்றாகப் பாருங்கள்" என்று சொன்னபோது கவனம் கொஞ்ச நேரம் மீண்டதாம். போன் வந்ததால் கவனம் கூடிய ஒரே சம்பவம் மனித வரலாற்றில் அதுவாகத்தான் இருக்கும்!

அதைப் படித்ததிலிருந்து நான் ஒரே மூச்சில் ஒரு அத்தியாயத்தை முடிக்க நினைப்பதில்லை. அரை மணிக்கு முன்னாலேயே எழுந்துவிடுவேன். எழுந்து போனை எடுப்பதில்லை. ஜன்னலைத் திறப்பேன், அல்லது குக்கர் வைப்பேன். திரும்பி வரும்போது பல்லி தெரிகிறது.

கிட்டத்தட்ட இதே கால அளவைப் பெருமாள்மலையில் வேறு காரணத்துக்காக வைத்திருக்கிறார்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும்போது கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் வரும் ஊர். அங்கே போதி ஜென்டோ என்று ஒரு தியான மடம். நிறுவியவர் அமா சாமி. பர்மாவில் 1936ல் பிறந்த தமிழர், இயேசு சபைப் பாதிரியார், அதோடு ஜென் குரு. ஜப்பானில் காமகுராவில் யமதா கோவுன் என்ற குருவிடம் பயின்று, 1982ல் கற்பிக்கும் உரிமை பெற்றார். 1996ல் இந்த மடம் தொடங்கியது. பாதிரியார் ஜென் கற்றுக்கொடுக்கிறாரா என்று புருவத்தை உயர்த்த வேண்டாம். இது போகர் நவபாஷாணம் செய்த மலைத்தொடர் என்று நம்புகிற ஊர், இங்கே எல்லாம் கலந்துதான் இருக்கும்.

அங்கே ஒரு தடவைக்கு இருபத்தைந்து நிமிடம் உட்கார்வார்கள். மணி அடிக்கும். எழுந்து மெதுவாக நடப்பார்கள். மறுபடி உட்கார்வார்கள். தொடக்கக்காரர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சி கேட்பதற்கு எல்.கே.ஜி பாடம் மாதிரி இருக்கும்: மூச்சை ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணு. நடுவில் விட்டுப்போனால் ஒன்றுக்குத் திரும்பு. அவ்வளவுதான். நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நான்கைத் தாண்டுவதற்குள் பால் பாக்கெட் ஞாபகம் வரும். ஆறில் யாரோ எப்போதோ சொன்ன ஒரு சுருக்கென்ற வார்த்தை. பத்தைத் தொட்டது அபூர்வம். ஆனால் அங்கே யாரும் எவ்வளவு எண்ணினாய் என்று கேட்பதில்லை. ஒன்றுக்குத் திரும்புவதுதான் பயிற்சி, பத்துக்குப் போவது இல்லை என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. இந்த மலையில் நான் கேட்ட புத்திமதிகளில் உருப்படியானது அதுதான். ஏனென்றால் வேலையின் நடுவே மனம் ஓடிவிட்டதைக் கவனிக்கிற அந்த நொடியில் நாம் வழக்கமாகச் செய்வது நம்மையே திட்டிக்கொள்வது, திட்டி முடிக்கக் கால் மணி நேரம், அப்புறம் சமாதானத்துக்கு ஒரு யூடியூப் வீடியோ.

கலிஃபோர்னியாவில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலகங்களில் மக்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று வருடக்கணக்காக அளந்தவர். 2004 வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்ற கவனம், சமீப வருடங்களில் 47 நொடியாகிவிட்டது என்கிறார். அதைவிட எனக்குச் சுவாரசியம், அவர் சொல்லும் இன்னொரு விஷயம்: குறுக்கீடுகளில் கிட்டத்தட்ட பாதியை நமக்கு நாமே செய்துகொள்கிறோம். யாரும் கூப்பிடவில்லை, எந்த மணியும் அடிக்கவில்லை, கை தானாகப் போகிறது.

அந்தக் கை போகிற காட்சியைப் பார்க்க வேண்டுமென்றால் மலையின் வடக்கு அடிவாரத்துக்கு, பழனிக்குப் போங்கள். கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில் வந்த உத்தரவு, தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்துக்குமாக நீண்டது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறை. அடிவாரத்திலேயே போனை வாங்கி வைக்கும் கவுன்டர்கள். தொடங்கியபோது ஒரு போனுக்கு ஐந்து ரூபாய். படிப்பாதையில் போகிறவர்களுக்கும் உண்டு, விஞ்ச்சில் போகிறவர்களுக்கும் உண்டு.

டோக்கனை வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கியதும் பாருங்கள். இருபது படிக்கு ஒருமுறை கை சட்டைப் பைக்குப் போகும், தடவிப் பார்க்கும், திரும்பும். பெண்களுக்குக் கைப்பை ஜிப். பாதி மலை ஏறியதும் அது குறையும். மூச்சு வாங்குவதாலா, முருகன் அருளாலா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் தடை வருவதற்கு முன்னால் அதே ஆட்கள் அதே பக்தியோடுதான் வந்தார்கள், சந்நிதி தெரிந்ததும் கையைக் குவிப்பதற்குப் பதில் போனைத் தூக்கினார்கள். பக்தி கூடவுமில்லை குறையவுமில்லை. போன் அடிவாரத்தில் இருக்கிறது, அவ்வளவு வித்தியாசம். கீழே இறங்கி எடுத்து வரலாம் என்றால் அத்தனை படி. அந்தத் தூரம் செய்கிற வேலையை எந்த வைராக்கியமும் செய்யாது.

வீட்டில் படிக்கட்டு கிடையாது. நான் போனைப் பூட்டி வைப்பது எங்கள் மாமியாரின் மரப் பீரோவில். சாவி அவர்களிடம். "அத்தை, ஃபோன் குடுங்க" என்று கேட்டால் உடனே தந்துவிடுவார்கள், தடையெல்லாம் இல்லை. ஆனால் "யாருக்கும்மா பேசணும்?" என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் பெரும்பாலான சமயம் கேட்காமலே இருந்துவிடுகிறேன்.

ஆனால் ஒரு நேர்மையான தோழி என்னைப் பிடித்து உலுக்கினாள். மூஞ்சிக்கல்லில் சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவள். தபால்வழியில் பட்டப்படிப்பு படிக்கிறாள். "நீ கதவைச் சாத்திக்கிட்டு உக்காருவ. எனக்கு ஏது கதவு? அரைக் கிலோ சர்க்கரைன்னு ஒரு ஆள் வந்து நின்னா எந்திரிக்காம இருக்க முடியுமா?" முடியாது. கவனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கதவு வைத்திருப்பவர்கள். குறுக்கீடுதான் வருமானம் என்று இருக்கிற ஒருத்திக்குச் சொல்ல இவர்களிடம் எதுவும் இல்லை. அவள் கண்டுபிடித்த வழி அவளுடையதே: பாடத்தை ஒரு வாடிக்கையாளருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் முடிகிற அளவுக்குத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஒரு பழைய பில் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறாள். எழுந்து போகும்போது எந்த வரியில் விட்டாளோ அங்கே ஒரு கல். திரும்பி வந்தால் தேட வேண்டியதில்லை. எந்தச் சபதமும் இல்லை, செயலியும் இல்லை. போன பருவத்தில் எல்லாத் தாளிலும் தேறிவிட்டாள்.

விட்ட இடத்தைக் குறித்து வைப்பது சாதாரணமாகத் தோன்றும். நான் இப்போது அதைத் திருடிக்கொண்டேன். ராத்திரி எழுந்திருக்கும் முன் நாளைக்கு எந்தப் பக்கம், அதில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி தாளில் எழுதி, பென்சிலைச் சீவி மேலே வைத்துவிடுவேன். விடிந்தால் உட்கார வேண்டியதுதான் பாக்கி. கணினியைத் திறப்பதும் மின்னஞ்சல் பார்ப்பதும் பதினோரு மணிக்கு மேல், வெளியே மஞ்சு ஏறிய பிறகு.

அப்சர்வேட்டரியின் பழைய தட்டுகளை இப்போது எண்மப்படுத்தியிருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சூரியப் படங்களை வைத்து, அவற்றை எடுத்தவர்கள் கேட்டிராத கேள்விகளை இன்றைய ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். தட்டைக் கழுவிக் காய வைத்த அந்த உதவியாளர்களில் யாராவது ஒருவர், "இது யாருக்கு, எதுக்கு?" என்று ஒரு காலையாவது கேட்டுக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டே கழுவியும் இருப்பார்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான் புதுப் புத்தகம் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. மழை விடாது, கரன்ட் போகும் வரும், மரம் விழுந்து ரோடு அடைபடும், பிள்ளைகளுக்குத் திடீர் லீவு. அந்த இரண்டு மாதத்துக்கென்று வேறு வேலைகளை ஒதுக்கி வைத்திருக்கிறேன்: வர வேண்டிய பாக்கிப் பணத்துக்குக் கடிதம், வருமான வரிக் கணக்கு, பழைய பைல்களைக் கிழித்துப் போடுவது, எப்போது வேண்டுமானாலும் விட்டு எழுந்து போகக்கூடிய சொல்லடைவுகள். சென்னையிலிருந்து போன் வரும், "மேடம், அவசரம், புத்தகத் திருவிழா வருது, ஜனவரிக்குள்ள வேணும்." தை மாதத்தில் தொடங்கலாம் என்று சொல்வேன். பாதிப் பேர் வேறு ஆளைத் தேடிக்கொள்கிறார்கள். மீதிப் பேர் காத்திருக்கிறார்கள்.